கட்டடத்தைப் படம் எடுக்க ஆள் தேடுகிறவர்களுக்கு

கோவையில் சின்னதாக ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகம் நடத்துகிறேன். வீடுகள்தான் அதிகம். நடுநடுவே தொழிற்சாலை, கிளினிக், பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது பிளாக் என்று வரும். முடித்த வேலைகளைப் படம் எடுத்து வைப்பது எங்களுக்கு ஆடம்பரம் கிடையாது. வீடு கட்ட வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, "நீங்க செஞ்ச வீட்டு போட்டோ இருக்குங்களா?" என்பதுதான். பிளானை யாரும் கேட்பதில்லை.

பலவிதமான போட்டோகிராபர்களோடு வேலை பார்த்ததில் ஒன்று தெளிவாகியிருக்கிறது. நல்ல ஆளைப் பிடிப்பது பாதி வேலை. எந்த மாதம், எந்த மணி, எந்த மூலை, எதை ஒதுக்கி வைப்பது, எதை எழுதி வாங்குவது என்கிற மீதிப் பாதி கூப்பிடுகிற நம் தலையில்தான் இருக்கிறது. அந்தப் பாதியைச் செய்யாமல் எவ்வளவு பெரிய ஆளைக் கூட்டி வந்தாலும் சுமாரான படம்தான் கிடைக்கும்.

முதலில் ஆள் விஷயம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கல்யாண போட்டோகிராபர் இருப்பார். "அவர்கிட்ட நல்ல கேமரா இருக்கு, ஒரு நாள் வரச் சொல்லலாமே" என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். கேமரா நல்லதாகத்தான் இருக்கும், அவரும் திறமைசாலியாகத்தான் இருப்பார். ஆனால் அவர் கண் முகத்தைத் தேடிப் பழகியது. தாலி கட்டும் அந்த ஒரு நொடியைத் தவறவிடக் கூடாது என்பது அவர் பயிற்சி. கட்டடம் எங்கும் ஓடாது. அங்கே தேவைப்படுவது பொறுமையும் நேர்க்கோடும்.

நேர்க்கோடு என்று சொன்னது சும்மா இல்லை. ரோட்டில் நின்று மாடி வீட்டைப் படம் எடுக்க கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினால், சுவர்கள் இரண்டும் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்து தெரியும். மேஸ்திரி தூக்குக்குண்டு போட்டுக் கட்டிய சுவர் படத்தில் பின்னால் விழுகிற மாதிரி நிற்கும். கட்டட போட்டோகிராபர்கள் கேமராவை மட்டமாகவே வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி எடுப்பார்கள். அதற்கென்றே டில்ட் ஷிப்ட் லென்ஸ் இருக்கிறது. கேனனில் 17, 24 மில்லிமீட்டர், நிக்கானில் 19 மில்லிமீட்டர் என்று வரும். விலை அதிகம் என்பதால் எல்லோரிடமும் இருக்காது. இல்லாதவர்கள் பின்னால் கம்ப்யூட்டரில் நிமிர்த்துவார்கள். அதுவும் பரவாயில்லைதான். ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், ஆகவே எடுக்கும்போதே நாலு பக்கமும் இடம் விட்டு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருடைய பழைய படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது கதவு நிலையைத்தான். நிலை செங்குத்தாக நின்றால் மேற்கொண்டு பேசலாம்.

அடுத்தது, இன்ஸ்டாகிராமில் இருக்கும் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே இருப்பது பத்து வீட்டில் பொறுக்கிய பத்துப் படம். "ஒரே வீட்டோட முழு செட்டையும் காட்டுங்க" என்று கேளுங்கள். பெரிய பங்களா வேண்டாம், மூன்று சென்ட், நாலு சென்ட் வீடாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த செட்டில் மாடிப்படியை எப்படி எடுத்திருக்கிறார், பாத்ரூமை எடுத்தாரா, சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசை தெரிகிறதா, ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிகிறதா அல்லது வெறும் வெள்ளையாக எரிந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் படத்தையும் பார்த்து முடித்ததும் அந்த வீட்டின் பிளானைத் தோராயமாக ஒரு பேப்பரில் போட முடிந்தால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம். அழகான படங்கள் வரிசையாக இருந்தும் எந்த அறை எதற்குப் பக்கத்தில் என்றே புரியவில்லை என்றால், அவர் பொருள்களைப் படம் எடுத்திருக்கிறார், வீட்டை எடுக்கவில்லை.

அகலமான லென்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். போனில் 0.5 என்று தட்டினால் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். சோபா ஒரு பக்கம் இழுபட்டு, ஓரத்தில் இருக்கும் தலையணை முட்டை வடிவத்துக்கு வரும். வீட்டை விற்கிறவர்களும் லாட்ஜ்காரர்களும் இதை விரும்புவார்கள். எனக்கு இது ஆகாது. படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வருகிறவர் "இவ்வளவுதானா?" என்று கேட்டால் அந்தப் படம் நமக்குக் கெடுதல்தான் செய்திருக்கிறது. ஹோம்ஸ்டே, ரிசார்ட் நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஏமாந்த விருந்தாளி ரிவ்யூவில் எழுதிவிட்டுப் போவார். 24 மில்லிமீட்டர் லென்ஸைவிட அகலமாகப் போக வேண்டாம் (எண் குறையக் குறைய அகலம் கூடும்), முடியாத அறைக்கு மட்டும் போங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல போட்டோகிராபர்கள் இதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அவர்களுக்கும் அதுதான் விருப்பம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சூரியன்.

கோவை 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாள்களில் உச்சிப்பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகலில் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. செப்டம்பர் 23-இலிருந்து மார்ச் 21 வரை சூரியன் உதிப்பதே நேர்கிழக்குக்குத் தெற்கே தள்ளித்தான். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் மாதிரி இருக்கும். போட்டோவுக்குத் தேதி குறிக்கும்போது இதுதான் பணம்.

ஏன் என்றால், வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் அந்த ஆறு மாதமும் நேர்வெயில் படவே படாது. நம் ஊரில் வடக்கு வாசல் மனைக்குத் தனி மவுசு, ஆகவே எங்களுக்கு வடக்கு எலிவேஷன் நிறைய வரும். கிரகப்பிரவேசம் தை மாதம் முடிந்திருக்கும். வீட்டுக்காரர் "புதுசா இருக்கும்போதே எடுத்துருங்க மேடம்" என்பார். ஜனவரி மாத மதியத்தில் போய் நின்றால் முகப்பு முழுக்க நிழல், அதற்குப் பின்னால் வானம் பளீரென்று எரியும். ஜாலி (ஓட்டை விட்ட வேலைப்பாடு) வைத்துக் கட்டிய சுவரின் ஆழம், செங்கல் வரிசையின் நெளிவு எதுவுமே தெரியாது. அதே வீட்டுக்கு மே மாதம் காலை ஏழரை மணிக்குப் போனால் வெயில் வடகிழக்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு வரும். ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லின் மேல் கோடு போட்ட மாதிரி நிழல் விழுத்தும். உளியால் கொத்திவிட்ட கருங்கல் சுவருக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இந்த உரசல் வெயிலை விட்டால் வேறு வெளிச்சம் கிடையாது. ஜூன், ஜூலையிலும் சூரியன் வடக்கேதான் இருக்கும், ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் வந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் கேட்கவே வேண்டாம். அதனால் வடக்கு முகப்புக்கு மே மாதத்தைப் பிடித்துக்கொள்வேன்.

மே வரை காத்திருக்க முடியாது என்றால் வழி இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில் எடுங்கள். சூரியன் இறங்கிய பிறகு திசை முக்கியமில்லை. வானம் நீலமாகவும் உள்ளே விளக்குகள் மஞ்சளாகவும் இருக்கும் நேரத்தில் வடக்கு முகப்பும் தெற்கு முகப்பும் ஒன்றுதான். ஆனால் நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் போட்டோகிராபர் சாவகாசமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவதால் இருபது நிமிடம் சொச்சத்தில் இருட்டு கட்டிவிடும். அதற்குள் உருப்படியாக இரண்டு கோணம்தான் எடுக்க முடியும். எந்த இரண்டு என்பதை மத்தியானமே முடிவு செய்து, ட்ரைபாட் கால் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் ஸ்விட்ச் போர்டு பக்கமே நிற்க வேண்டும். மோட்டார் ரூம் விளக்கை அணை, மாடி பால்கனி விளக்கைப் போடு என்று கத்திக்கொண்டே இருப்போம். கார் ஷெட்டில் நிற்கும் காரை அப்போதுதான் எடுக்கச் சொல்லிச் சாவியைத் தேடினால் அன்றைய அந்தி போச்சு.

கிழக்கு முகப்புக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது, மேற்குக்கு நாலு மணிக்கு மேல். நடுமுற்றம் இருக்கும் வீட்டுக்கு மூட்டமான நாள்தான் நல்லது, வெயிலடித்தால் முற்றம் வெள்ளையாகவும் சுற்றுத்தாழ்வாரம் கறுப்பாகவும் பிரிந்துவிடும். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு கார்த்திகை, மார்கழியில் மரமெல்லாம் கழுவிவிட்ட மாதிரி பச்சையாக இருக்கும், தூசி இருக்காது. தெற்கு முகப்புக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

வெளிச்சம் பற்றி இன்னொன்று, வீட்டுக்குள்ளே இருக்கும் பல்புகள். ஹாலில் மஞ்சள் எல்இடி, சமையலறையில் வெள்ளை டியூப், படிக்கட்டில் எலக்ட்ரீஷியன் கையில் இருந்த ஏதோ ஒன்று. நம் கண் இதைச் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது. ஒரே சுவரில் பாதி ஆரஞ்சு, பாதி நீலம் என்று வரும். சுவருக்கு என்ன பெயிண்ட் அடித்தோம் என்பதே படத்தில் தெரியாது. எல்லா பல்பையும் 3000 கெல்வின் என்று எழுதியிருக்கும் ஒரே வகைக்கு மாற்றிவிடுங்கள். செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஒருவேளை போட்டோகிராபரே பகலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவராக இருந்தால் அந்தச் செலவும் மிச்சம். என் ருசிக்கு அதுதான் பிடிக்கும். அப்புறம், சீலிங் ஃபேனை அணைக்கச் சொல்லுங்கள். ட்ரைபாடில் வைத்து மெதுவாக எடுக்கும் படத்தில் ஓடுகிற ஃபேன் சாம்பல் வட்டமாகத்தான் வரும்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் வீட்டுக்காரரோடு ஒரு சுற்று நடந்துவிடுவது கட்டாயம். கேஸ் சிலிண்டர், பிளாஸ்டிக் வாளி, டிவிக்குப் பின்னால் தொங்கும் ஒயர், ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் மாத்திரை டப்பா, ஜன்னல் கம்பியில் காயும் துண்டு, நகைக்கடை காலண்டர் எல்லாம் இடம் மாற வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரைக் கட்டிய நாளிலிருந்து யாரும் கிழித்திருக்க மாட்டார்கள், அதைக் கிழிக்க வேண்டும். வெளியே செங்கல் சுவரில் உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். இதையெல்லாம் போட்டோகிராபர் வந்த பிறகு செய்தால் காலை வெயில் போய்விடும், அவருக்குக் கொடுக்கும் காசில் நாம் வீடு கூட்டிக்கொண்டிருப்போம்.

எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிடவும் கூடாது. ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. ரெட் ஆக்சைடு தரை, ஓட்டுக்கூரை, நீளமான திண்ணை. திண்ணையை எடுக்கும்போது உதவிக்கு வந்த பையன் அங்கிருந்த பித்தளைக் குடத்தையும் மரப்பலகையையும் தூக்கப் போனான். வீட்டுப் பாட்டி உள்ளேயிருந்து, "கண்ணு, அத எடுக்காதே, அது அங்கயேதான் இருக்கும்" என்றார். போட்டோகிராபர் கேமராத் திரையைப் பார்த்தார், பாட்டியைப் பார்த்தார். "அம்மா, நீங்க தினமும் உக்கார்ற எடத்துல உக்காருங்க, நாங்க பாட்டுக்கு எடுத்துக்கறோம்" என்றார். பாட்டி பலகையைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, தூணில் சாய்ந்து, கொட்டைப் பாக்கை வெட்ட ஆரம்பித்துவிட்டார். போட்டோகிராபர் குடத்தை மட்டும் நாலு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்தினார், தூணின் நிழலுக்குள் போகாமல் பித்தளையில் வெளிச்சம் படும்படி. அவ்வளவுதான் மாற்றம். அந்த வீட்டில் எடுத்தவற்றில் இன்று வரை நாங்கள் அதிகம் பயன்படுத்தும் படம் அதுதான். ஆள் இருப்பதால் திண்ணையின் உயரமும் தூணின் பருமனும் தானாகப் புரிகிறது. வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்து ஆளே இல்லாத வீடாக எடுக்கும் வழக்கம் இங்கே தொற்றிக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளுக்கு அது ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

சாமி படங்கள் பற்றி ஒரு வார்த்தை. அகற்றவோ மறைக்கவோ நாமாக முடிவு செய்யக் கூடாது. கேளுங்கள். சிலர் பூஜை அறையைப் படம் எடுக்கவே வேண்டாம் என்பார்கள், சிலர் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வார்கள்.

தொழிற்சாலை வேறு உலகம். பம்பு செய்யும் ஒரு கம்பெனிக்கு ஷெட் கட்டிக் கொடுத்தோம். அவர்களுக்கும் வெப்சைட்டுக்குப் படம் தேவைப்பட்டது, எங்களுக்கும் கட்டடத்தின் படம் தேவைப்பட்டது, சேர்ந்து ஒரே ஆளை வைத்தோம். செலவு பாதியானது. ஆனால் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றல்ல என்பதை முதலிலேயே பேசிக்கொண்டோம். எனக்குக் கூரையைத் தாங்கும் ட்ரஸ் சட்டமும் வடக்கு வெளிச்சம் வரும் கண்ணாடியும். அவர்களுக்கு மெஷின், ஆள்கள், அடுக்கி வைத்த சரக்கு. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலி ஷெட் நல்லது, அவர்களுக்கு ஓடுகிற ஷிப்ட் நல்லது. ஆகவே ஒரு நாளை இரண்டாகப் பிரிக்காமல், சனிக்கிழமை ஷிப்டில் பாதியும் ஞாயிறு காலையில் பாதியும் என்று வைத்தோம்.

அங்கே நான் கற்றுக்கொண்டவை கட்டடத்தை விட்டு விலகியவை, ஆனால் தொழில் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. ஏற்றுமதி செய்கிற கம்பெனி என்றால் சரக்கு வாங்குகிறவரின் ஆடிட் ஆட்களும் அந்தப் படங்களைப் பார்ப்பார்கள். கிரைண்டிங் செய்கிறவர் கண்ணாடி போடவில்லை, ஒருவர் செருப்போடு நிற்கிறார் என்றால் எவ்வளவு அழகான படமும் வீண். அந்தக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் போட்டோகிராபர் கூடவே நடந்து, ஒவ்வொரு பிரேமையும் திரையில் பார்த்தே அடுத்ததற்கு விட்டார். அதேபோல மேசையில் விரித்திருக்கும் டிராயிங், அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாடிக்கையாளர் பெயர், ஒயிட்போர்டில் எழுதிய ஆர்டர் விவரம், கம்ப்யூட்டர் திரை எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். பெரிய கேமராவில் எடுத்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் டிராயிங்கில் இருக்கும் அளவுகள்கூடப் படிக்க வரும். தொழிலாளிகளிடம் முன்பே சொல்லி, விருப்பமில்லாதவரை விட்டுவிட வேண்டும் என்பது தனியாகச் சொல்லத் தேவையில்லாத மரியாதை.

ஊழியர்களின் முகப்படம் எடுக்கும்போது ஒரு சின்னத் தந்திரம். பின்புலம், விளக்கு எவ்வளவு தூரம், எந்த லென்ஸ், கேமரா எந்த உயரம் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துச் சேருகிற புது ஆளை அதே மாதிரி எடுக்க முடியும். இல்லாவிட்டால் வெப்சைட்டில் பத்துப் பேர் சாம்பல் நிறப் பின்னணியிலும் புதிதாக வந்தவர் மட்டும் மாமரத்தடியிலும் நிற்பார்.

டிரோன் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் வீட்டுக்கும் பெரிய ஷெட்டுக்கும் அது உபயோகம்தான், சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு வீண். பக்கத்து மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்தான் தெரியும். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். எங்கே பறக்கலாம் என்பதை மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்க்கலாம்: பச்சைப் பகுதியில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, மஞ்சளில் கேட்க வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. கோவையில் பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் என்று இரண்டு இருப்பதால் நகரத்தில் இடத்தைப் பார்க்காமல் டிரோனைத் தூக்கக் கூடாது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லும் டிரோன்காரரை நான் கூப்பிடுவதில்லை.

பணம். எங்களுக்கு வந்த கொட்டேஷன்கள் ஒரு நாளுக்கு இருபதாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் இருந்திருக்கின்றன. தொகையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. ஒருவர் எடுத்ததையெல்லாம் நூறு, நூற்றைம்பது என்று அள்ளித் தருவார். இன்னொருவர் பதினைந்து படம்தான் தருவார், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் உட்கார்ந்து திருத்தியதாக இருக்கும். கட்டடத்துக்கு இரண்டாமவர்தான் சரி. ஆகவே கொட்டேஷன் கேட்கும்போதே எழுதி அனுப்புகிறேன்: இத்தனை சதுர அடி வீடு, முகப்பு இந்தத் திசை, இந்த இடம், முடித்த படங்கள் இத்தனை, அந்திப் படம் இரண்டு, பயன்பாடு வெப்சைட், பத்திரிகை, போட்டிக்கு அனுப்புவது. கூடவே பிளானும் போனில் எடுத்த சில படங்களும். இதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்கிறவரைப் பிடித்துக்கொள்வேன். போக்குவரத்து, தங்கல், உதவியாளர், மழை வந்தால் மறுநாள் வருவதற்குத் தனிக்கட்டணமா என்பதெல்லாம் அதிலேயே வர வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவர் பில்லில் 18 சதவீதம் சேரும். டிடிஎஸ் எவ்வளவு பிடிப்பது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

உரிமை விஷயத்தில் நம் ஊர்ச் சட்டம் பலருக்குத் தெரிவதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாற்றாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். பல போட்டோகிராபர்கள் அங்கிருந்து ஒப்பந்த மாதிரியை இறக்கி, உரிமை தன்னுடையது, வாடிக்கையாளருக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும் என்று போட்டிருப்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். நான் அதைத் தவறு என்று சொல்லவில்லை. அந்த அடிப்படையில்தான் விலையே குறைவாகப் போட்டிருப்பார்கள். ஆனால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை எழுதி மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்ப நினைப்பவர்கள் இந்த இரண்டு வரியையும் சேர்த்துவிடுங்கள். உரிமை யாரிடம் இருந்தாலும் படத்தின் கீழே எடுத்தவர் பெயர் போட வேண்டும். நம் பெயரை விட்டுவிட்டு யாராவது நம் வீட்டைப் போட்டால் எவ்வளவு எரிச்சல் வரும்!

செலவைப் பகிர ஆள் சேர்ப்பது நல்ல வழி. ஜன்னல் செய்தவர், டைல்ஸ்காரர், இன்டீரியர் கான்ட்ராக்டர் எல்லோருக்கும் அந்தப் படங்கள் தேவை. படப்பிடிப்புக்கு முன்பே கேட்டு, யார் யார் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் பெயர் போட்டுவிட வேண்டும். அப்புறம் வாட்ஸப்பில் "மேடம், அந்த ரெண்டு போட்டோ மட்டும்" என்று வருவதற்குப் பதில் சொல்வது சங்கடம். வீட்டுக்காரரின் சம்மதத்தை டிசைன் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுகிறோம்: வீடு முடிந்ததும் படம் எடுக்கலாம், முகவரியும் குழந்தைகள் முகமும் வெளியே வராது.

திருத்தம் எதுவரை? முகப்புக்கு முன்னால் ஈபி கம்பமும் நாலு ஒயரும் இல்லாத வீடு நம் ஊரில் அபூர்வம். ஒயரை அழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கம்பத்தை அழிக்க வேண்டாம் என்பேன், அது அங்கேதான் நிற்கப் போகிறது, அதற்காகத்தான் பால்கனியையே தள்ளி வைத்தோம். கட்டாததைச் சேர்ப்பது, விரிசலை மறைப்பது, பக்கத்து வீட்டைத் தூக்கிவிட்டு மரம் நடுவது எல்லாம் கூடவே கூடாது. வானத்தை மாற்றுவது பழைய ஆசை. 1858-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டிய லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய போட்டோகிராபர், அதற்கு முன் 1855-இல் பர்மாவில் எடுத்தபோது நெகட்டிவ்களில் கையாலேயே மேகம் தீட்டியிருக்கிறார். அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறுமையாகத்தான் விழும், அவருக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு ஒரே பட்டனில் வானம் மாறுகிறது. சுவரில் வெயில் இடப்பக்கமிருந்தும் மேகத்தில் வலப்பக்கமிருந்தும் அடிக்கும் படங்கள் நிறையச் சுற்றுகின்றன.

படங்களை வாங்கும்போது பெரிய அளவில் ஒரு செட், வெப்சைட்டுக்குச் சின்ன அளவில் ஒரு செட் என்று கேளுங்கள். ஏ3 தாளில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 4961க்கு 3508 பிக்சல் வேண்டும், அதற்குக் குறைந்தால் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டிரைவ் லிங்க் வாங்கி உடனே இரண்டு இடத்தில் இறக்கி வையுங்கள். போட்டோகிராபர் கோப்பை அழித்துவிட்டால் லிங்க் வேலை செய்யாது. கேமராவில் பதிவான திருத்தாத ரா கோப்புகளைப் பெரும்பாலானவர்கள் தர மாட்டார்கள், நானும் கேட்பதில்லை. அதைத் திருத்த நம்மிடம் ஆளும் இல்லை.

எல்லா வேலைக்கும் ஆள் வைக்க வேண்டியதில்லை. அடித்தளக் கம்பி, ஸ்லாபுக்குள் போன பைப், காங்கிரீட் போட்ட நாள் இவற்றுக்கு எங்கள் சைட் இன்ஜினியரின் போன் போதும், சொல்லப்போனால் அதுதான் சரி. தேதியும் இடமும் தானாகப் பதிவாகிவிடும். சின்னப் புதுப்பிப்பு வேலைகளை எங்கள் ஜூனியர் ஒருவர் ட்ரைபாடில் போனை மட்டமாக வைத்து எடுத்துவிடுகிறார். போட்டோகிராபருக்கென்று வைத்திருக்கும் காசை வருடத்துக்கு இரண்டு, மூன்று வேலைகளுக்கு மட்டும் செலவு செய்கிறோம். மே மாதத் தேதியைப் பொங்கல் முடிந்ததுமே பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம், நல்ல ஆள்களுக்கு அந்த மாதம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.